5.1 ஸ்பீக்கர் செட்டுக்கு அளவு வைப்பது எப்படி?

ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடி பேஸுக்கு ஒரு சப்வூஃபர் எல்லாம் வாங்கி ஒயர் மாட்டிப் படம் போட்டால், வசனம் காதில் விழவில்லை, சண்டை வந்தால் மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பெரும்பாலும் குறை செட்டில் இல்லை, அளவு வைக்காததுதான். ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும்.

முதலில் ஸ்பீக்கர் இருக்கும் இடம். இதைச் சரி செய்யாமல், ரிசீவருடன் வரும் அளக்கும் மைக்கைத் தொடாதீர்கள். சென்டர் உங்களுக்கு நேர் எதிரே. முன்னால் உள்ள இடது, வலது இரண்டும் அந்த நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி தள்ளி. சரவுண்ட் இரண்டும் 90 முதல் 110 டிகிரியில், அதாவது பக்கவாட்டில், அல்லது காதுக்குச் சற்றே பின்னால். பலரும் சென்டரை டிவி ஸ்டாண்டின் உள்ளே தள்ளி வைத்துவிடுகிறார்கள். அதை விளிம்பு வரை இழுத்து, முன்பக்கம் ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் காதை நோக்கித் தூக்கிப் பாருங்கள், வசனம் உடனே தெளியும்.

சப்வூஃபருக்கு ஒரு வழி இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். அதிகம் குமுறும் இடம் வேண்டாம். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம்தான் சப்வூஃபருக்கு. அதன் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்கு என்று பிரிப்பது) அதிகபட்ச எண் வரை திருப்பிவிடுங்கள், பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். வால்யூம் பாதியில் இருக்கட்டும்.

இனி மைக். இதை ரிசீவரில் செருகி, மெனுவில் தானாக அளக்கும் வசதியை ஓட்டினால், ஸ்பீக்கர்களின் தூரம், லெவல் எல்லாவற்றையும் ரிசீவரே கணக்குப் போடும். ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். மைக்கைச் சோபாவின் மேல் சாய்த்து வைக்காமல், ட்ரைபாடில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். முதல் அளவு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில்.

அப்புறம் ரிசீவர் போட்ட கணக்கைச் சரிபார்க்க வேண்டும், இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ (பேஸையும் அதுவே வாசிக்கும்) என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ (பேஸ் சப்வூஃபருக்குப் போகும்) ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மிகச் சிறிய ஸ்பீக்கர் என்றால் 100, 120 கூட வைக்கலாம். தூரத்தை டேப் வைத்து ஒப்பிடுங்கள். சப்வூஃபர் மட்டும் நிஜத்தைவிட அதிகத் தூரம் காட்டும், அதைத் திருத்தாதீர்கள்: அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒலியைத் தாமதப்படுத்துவதால் ரிசீவர் அதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறது. சப்வூஃபர் லெவல் மைனஸ் 12 மாதிரி கடைசி எல்லையில் நின்றால், அதன் வால்யூமைக் குறைத்துவிட்டு மறுபடி அளந்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் டெஸ்ட் டோனைப் போட்டு, போனில் டெசிபல் ஆப் வைத்து, ஐந்து ஸ்பீக்கரும் ஏறக்குறைய ஒரே எண் காட்டுகிறதா என்று பாருங்கள். வழக்கமாக 75 டெசிபல் வைப்பார்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒன்றோடொன்று ஒப்பிட உதவும். சப்வூஃபருக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், போன் மைக்குக்கு அடி பேஸ் சரியாகப் பிடிபடாது. வசனம் இன்னும் அமுங்கினால் சென்டரை 2 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

படம் ஓடும்போது ரிசீவர் டிஸ்பிளேயைப் பாருங்கள். டால்பி டிஜிட்டல் என்றோ டிடிஎஸ் என்றோ வரவேண்டும். படத்தில் 5.1 இருந்தும் வெறும் பிசிஎம் ஸ்டீரியோ (இடது, வலது இரண்டு சானல் மட்டும்) என்று வந்தால், டிவியின் ஆடியோ அவுட்புட்டை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) மாற்றுங்கள்.