மர நத்தையைப் பிய்த்தெடுக்காதீர்கள்

பங்குனி, சித்திரையில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளி பக்கம் ஒரு வேலிக்கருவையை (சீமைக்கருவைதான்) நின்று பார்த்தால், பட்டையில் வெள்ளை ஓட்டில் கறுப்புப் புள்ளி வைத்த சின்ன நத்தைகள் ஒட்டியிருக்கும். ரேக்கிஸ் பங்க்டாட்டஸ் என்பது அறிவியல் பெயர். முழுசாக வளர்ந்தாலும் 2 செ.மீ.க்குள்தான்.

கடலோரம் என்பதால் சிலர் இதைச் சங்குக் குஞ்சு என்று நினைத்து மீன் தொட்டியில் போடுகிறார்கள். இது நுரையீரலால் மூச்சுவிடுகிற தரை நத்தை, தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும்.

அசையவில்லை, அப்போ செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் பிய்ப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. அது கோடை உறக்கத்தில் இருக்கிறது. கொதிக்கிற மணலை விட்டு மேலேறி, ஓட்டின் வாயைப் பட்டையோடு பொருத்தி, சளியைச் சுரந்து, அது காய்ந்து மெல்லிய சவ்வாகி வாயை அடைத்துவிட, உள்ளே இருக்கிற ஈரத்தை வைத்துக்கொண்டே மழை வரும்வரை மாதக்கணக்கில் தீனி இல்லாமல் கிடக்கும். நம்ம ஊரில் நல்ல மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிய்த்தால் சவ்வு கிழியும், புதிதாகச் சுரக்க மிச்சமிருக்கிற நீரைத்தான் செலவழிக்க வேண்டும். திரும்ப மரத்தில் அழுத்தி வைத்தாலும் ஒட்டாது.

போட்டோவுக்காகத் தண்ணீர் தெளித்து எழுப்புகிறவர்களும் உண்டு. மழை என்று நம்பி அது கொம்பை நீட்டி வெளியே வரும், மேய்வதற்குப் பட்டையில் ஈரப்பாசி இருக்காது, அரைமணி நேரத்தில் வெயில் எல்லாவற்றையும் காயவைத்துவிடும். படம் வேண்டுமா, மழைக்காலத்தில் வாருங்கள், தானாகவே ஊர்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம் உப்பு. தோட்டத்தை மேய்கிற ஆப்பிரிக்க ராட்சத நத்தை மேல் இருக்கிற கோபத்தை, இதன் மேல் உப்பைத் தூவிக் கொன்று காட்டுகிறார்கள். 1847இல் கல்கத்தாவில் கொண்டுவந்து விடப்பட்ட அந்த நத்தை முருங்கை, பப்பாளியிலும் ஏறும், குழப்பம் வருவது நியாயம்தான். ஆனால் அதன் ஓட்டில் பழுப்புத் தீற்றல்கள் இருக்கும், குட்டியிலேயே தெரியும். இதில் தனித்தனிப் புள்ளிகள். மர நத்தை பொதுவாகப் பயிரைத் தின்ன வருவதில்லை, பட்டையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பது.

விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குக் கருவை வெட்டுகிறவர்களிடம் வெட்டாதே என்று சொல்ல நான் வரவில்லை, சீமைக்கருவை போகட்டும். நத்தை ஒட்டிய சில்லறைக் கிளைகளை மட்டும் மூட்டத்தில் அடுக்காமல் பக்கத்து மரத்து நிழலில் சாய்த்துவிடலாம். ஓடு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் மரத்தடியில் தேடுங்கள்: வெளுத்து, வாய் திறந்து, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் கிடப்பது காலி ஓடு.