டூல் தேடும் முன் வேலையை நாலு வரியில் எழுதுங்கள்

"டேட்டா வேலைக்குச் சிறந்த சாஃப்ட்வேர் எது?" என்று தேடினால் பட்டியல்கள்தான் கிடைக்கும், பதில் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கேள்வியில் உங்கள் வேலையே இல்லை. முதலில் ஒரு தாளை எடுத்து நாலே விஷயங்களை எழுதுங்கள்: டேட்டா எவ்வளவு, இந்த வேலை ஒருமுறையா அடிக்கடியா, முடிவை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள், தப்பாகிப் போனால் என்ன கெடும். உதாரணமாக, "மாதம் ஒருமுறை மூன்று சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைல்கள் வரும், மூன்றையும் சேர்த்து, இரண்டு முறை வந்த பெயர்களை நீக்கி, கோடிங் தெரியாத ஒருவர் திறக்கிற மாதிரி தர வேண்டும்." இப்படி எழுதிவிட்டால் நீங்கள் கேள்விப்பட்ட கருவிகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

இதில் அதிகம் பேர் கோட்டை விடுவது அளவில்தான். எக்செல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிசைகள்தான் அடங்கும், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டுமே. 2020ல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்குக் காரணம், பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவத்தில் ஏற்றியதுதான். அளவு தாண்டிய வரிசைகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அதனால் வரிசை எத்தனை, ஃபைல் எத்தனை ஜிபி, அடுத்த வருடம் எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பைத்தானில் டேட்டாவை அலசும் பாண்டாஸ் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு: அது பொதுவாக முழு டேட்டாவையும் மெமரியில் ஏற்றும், இடையில் நகல்களும் உருவாகும், ஆகவே டேட்டாவைப் போல 5 முதல் 10 மடங்கு ராம் இருந்தால் நல்லது என்று அதை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியே எழுதியிருக்கிறார். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் 1 ஜிபி ஃபைல் ஓடிவிடும், 4 ஜிபி ஃபைல் திணறும். அப்போது பலர் நேராகப் பல கணினிகளைச் சேர்த்து ஓட்டும் பெரிய கிளஸ்டர் கருவிகளுக்குத் தாவுகிறார்கள், நானும் 2 ஜிபி ஃபைல் ஒன்றுக்காக அப்படி ஒன்றை நிறுவுவதில் இரண்டு முழு நாட்களைச் செலவழித்திருக்கிறேன். அந்த வேலைக்கு டக்டிபி என்ற டேட்டாபேஸ் போதும். சர்வர் வேண்டாம், சிஎஸ்வி அல்லது பார்கே (சுருக்கிச் சேமிக்கும் அட்டவணை வடிவம்) ஃபைலை இருக்கும் இடத்திலேயே வைத்து, எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் கேள்வி கேட்கலாம், மெமரி நிரம்பினால் பெரும்பாலான வேலைகளில் டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொள்ளும்.

சேமித்து வைத்து ஆப் ஒன்றிலிருந்து படிக்க வேண்டுமென்றால் எஸ்க்யூலைட். முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல பேர், பல சர்வர்கள் ஒரே சமயத்தில் எழுதப் போகிறார்கள் என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் டேட்டாபேஸுக்குப் போய்விடுங்கள், பின்னால் மாற்றும் வேதனை மிச்சம். ஒரே ஊரின் பெயரை ஐந்து விதமாக எழுதிய பட்டியலைச் சுத்தம் செய்ய ஓப்பன்ரீஃபைன் இருக்கிறது. ஜேசான் என்ற டேட்டா வடிவத்துக்குள் துழாவ ஜேக்யூ, கோடுக்குள் சொல் தேட ரிப்கிரெப்.

சரி, இந்தப் பெயர்கள் எதிலும் அடங்காத வேலை என்றால் எப்படித் தேடுவது? "சிறந்த" என்ற சொல்லை விட்டுவிட்டு, செய்ய வேண்டிய செயலையும் உள்ளே போகும் வடிவத்தையும் வெளியே வர வேண்டிய வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் கிடைத்ததும் அவற்றின் சொந்த ஆவணங்களில் "எப்போது பயன்படுத்தக் கூடாது" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எஸ்க்யூலைட் தளத்தில் அப்படி ஒரு பக்கமே இருக்கிறது, எந்தச் சூழலில் வேறு டேட்டாபேஸ் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். தன் எல்லையைச் சொல்லும் கருவியை நான் கூடுதலாக நம்புவேன். ஏஐயிடம் கேட்பதும் தவறில்லை, ஆனால் அது இல்லாத பேக்கேஜ் பெயரையும் உறுதியாகச் சொல்லும், அப்படிப்பட்ட பெயரில் யாராவது தீங்கான கோடைப் பதிவேற்றி வைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே அதிகாரபூர்வ தளத்தில் சரிபார்க்காமல் எதையும் நிறுவாதீர்கள்.

கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு கருவிக்கு எத்தனை ஸ்டார் என்பதை நான் பார்ப்பதில்லை. புகார்கள் பதிவாகும் இஷ்யூ பக்கத்தில் "டேட்டா இழப்பு", "மெமரி" போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடி, அந்தப் புகார்களுக்கு யாராவது பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று படிப்பேன். எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியை நடைமுறையில் ஒரே ஒருவர்தான் கவனித்து வந்தார். உதவ வந்தவர்போல இரண்டு வருடத்துக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்த ஒரு கணக்கு அதற்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு வைத்தது. 2024 மார்ச்சில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத்தான் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் பயன்பட்ட கருவி, தனி மனிதரின் தோளில் அவ்வளவு பாரம். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

லைசென்ஸையும் ஒருமுறை படியுங்கள். சர்வர்களை அமைக்கும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டிலும், ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச்சிலும் லைசென்ஸை மாற்றின, அதையொட்டி அவற்றின் பழைய கோடிலிருந்து ஓப்பன்டோஃபு, வால்கீ என்ற கிளைகள் பிறந்தன. கோடு எழுத உதவிய ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எந்தக் கருவிக்கும் இது நடக்கலாம், ஆகவே டேட்டாவை உள்ளே ஏற்றும் முன் வெளியே எடுத்துப் பாருங்கள்: பத்து வரிசை போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலை வேறொரு கருவியில் திறக்க முடிகிறதா?

அப்புறம்தான் உண்மையான பரீட்சை. அவர்கள் தரும் மாதிரி டேட்டா எப்போதும் அழகாகத்தான் ஓடும், அதை நம்பாதீர்கள். உங்கள் டேட்டாவிலேயே மிக மோசமான ஆயிரம் வரிசைகளைப் பொறுக்கி எடுங்கள்: காலி இடங்கள், மேற்கோள் குறிக்குள் காற்புள்ளி, பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள், மார்ச்சா ஏப்ரலா என்று தெரியாத 03/04 போன்ற தேதிகள். எக்செல் 'மார்ச்1' என்ற மரபணுவின் பெயரைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், கடைசியில் பெயர் சூட்டும் குழுவே அதை 'மார்ச்எஃப்1' என்று மாற்றி, 2020ல் அதற்கான விதிமுறைகளையும் வெளியிட்டது. டூலைத் திருத்த முடியாமல் அறிவியல் பெயரைத் திருத்தியிருக்கிறார்கள்.

தமிழ் எழுத்துகளையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 5 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். அந்தச் சொல்லின் நீளத்தை டூலிடம் கேளுங்கள், 3, 5, 15 இவற்றில் எதைச் சொல்கிறது என்பதிலேயே அது எதை எண்ணுகிறது என்று தெரிந்துவிடும். பைட்டில் அளவு வைக்கும் கருவியில் 10 என்று வரம்பு இருந்தால், சொல் பாதி எழுத்தில் உடையலாம். சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரிந்தால் பதற வேண்டாம், டேட்டா பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து யுடிஎஃப்-8 என்று தேர்வு செய்தால் சரியாகிவிடும். சிதைந்த நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

ஒரு டூலுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அதற்குள் இந்த ஆயிரம் வரிசைகளாவது முழுதாக ஓடி முடியவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். இரண்டு டூல்கள் சமமாக வந்தால், உங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எடுங்கள், நடுராத்திரியில் பழுதானால் உங்களைத் தவிர இன்னொருவராலும் சரி செய்ய முடிய வேண்டும். தேர்ந்தெடுத்ததும் வெர்ஷன் எண்ணையும், ஏன் எடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்பதையும் ஐந்து வரியில் எழுதி, கோடோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியில் போட்டு வையுங்கள். முழு டேட்டாவையும் முதல்முறை ஓட்டும்போது உள்ளே போன வரிசைகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணி, வித்தியாசம் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் காரணம் தெரியும்வரை முடிவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.