உலகம் அழிந்த பிறகு ஒரு பல்லி மனிதன்: குறைந்த செலவில் நகைச்சுவைக் குறும்படம் எடுப்பது எப்படி?

பேரழிவில் தப்பிய நாலு பேர், அவர்களைச் சுற்றி மியூட்டன்ட் பிராணிகள் (மரபணு மாறி உருத்திரிந்தவை), நடுவே சிரிப்பு. அறிவியல் புனைவில் இந்த வகைப் படம் கையில் பணம் இல்லாதவர்களுக்கென்றே அமைந்தது என்று உறுதியாக நம்புகிறேன். வேறு படத்தில் கிழிந்த திரைச்சீலை தெரிந்தால் குறை. இங்கே அது கதையின் ஒரு பகுதி. ஆனாலும் முதல் முயற்சிகள் பலவும் சிரிப்பு வராமல் படுத்துவிடுகின்றன. முகமூடியை முதலில் வாங்கிவிட்டு அதற்கு ஒரு கதையைத் தேடுவதுதான் காரணம். இந்த விளக்கத்தில் வரிசையை மாற்றுகிறோம். ஐந்து நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து, முதல் யோசனையிலிருந்து கடைசி வெட்டுவரை பார்ப்போம்.

படி 1: எது தீர்ந்துபோனது?

எந்தப் போர், எந்தக் கிருமி, எந்த ஆண்டு என்று பின்னணிக் குரல் விளக்குவதை விட்டுவிடுங்கள். பார்ப்பவருக்கு அது தேவையில்லை. இந்த உலகத்தில் எது கிடைப்பதில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும். உடை, வீடு, அதிகாரம், சண்டை, சிரிப்பு எல்லாமே அந்த ஒரு பற்றாக்குறையிலிருந்து முளைக்கும்.

தண்ணீரையும் பெட்ரோலையும் பலர் எடுத்தாண்டுவிட்டார்கள். இன்னும் குறுகலான பொருளைத் தேடுங்கள். எஞ்சியிருப்பது ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்திருப்பவர்தான் தலைவர், வழக்கு வந்தால் அவர்தான் நீதிபதி, அதை அவர் கழுவும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பணம் செலவாகவில்லை, உலகம் வந்துவிட்டது.

நம் எடுத்துக்காட்டில் தீர்ந்துபோனது இறைச்சி. அதற்கு ஒரே வழி, கூடவே வாழும் ஒரு பல்லி மனிதன். பயந்தால் அவனுடைய வால் கழன்று விழும். விழுந்ததைச் சமைக்கிறார்கள். வால் மறுபடி வளரும். ஆண்டுக்கணக்கில் பயமுறுத்தியதில் இப்போது அவனுக்குப் பயமே வருவதில்லை. படம் இங்கே தொடங்குகிறது.

படி 2: உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகெஸ் 1992-இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’ படத்தை ஏறத்தாழ 7,000 டாலரில் எடுத்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த பஸ், நாய், ஆமை போன்றவற்றை முதலில் கணக்கெடுத்து, அவற்றைச் சுற்றிக் கதையை எழுதினார். அதே வழியில் போங்கள். நண்பரின் பழுதான வண்டி, பாதி கட்டி நின்றுபோன வீடு, துருப்பிடித்த பீப்பாய், யாரோ தூக்கி எறியவிருக்கும் நாற்காலிகள் எல்லாம் பட்டியலில் வரட்டும். பட்டியலில் இல்லாத எதையும் திரைக்கதையில் எழுதாதீர்கள்.

படி 3: பிராணிக்கு ஒரே குணம்

பல் நிறைய, கை நிறைய, கண் நிறைய என்று அடுக்கினால் செய்யவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு குணத்தை எடுத்து மனிதன்மேல் வையுங்கள். உண்மையான உயிரினம் உங்கள் கற்பனையைவிட விநோதமானது, அதைப் படிப்பதற்குச் செலவும் இல்லை.

பல்லியையே பார்ப்போம். அறுந்த வால் சிறிது நேரம் தானாகத் துடிக்கிறது; அந்தத் துடிப்பில் எதிரி மயங்கி நிற்கும்போது பல்லி தப்பிவிடும். வால் கொழுப்பைச் சேமித்து வைக்கும் இடமும்கூட. புதிதாக முளைக்கும் வாலில் முன்பிருந்த முள்ளெலும்புகள் வருவதில்லை, குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். நிறமும் செதிலும் மாறியிருக்கும். வீட்டுப் பல்லி சேர்ந்த கெக்கோ வகையில் பெரும்பாலான இனங்களுக்கு அசையும் இமை கிடையாது, கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்கின்றன.

இத்தனையும் நமக்கு நகைச்சுவைச் சரக்கு. ‘போன வாலில் இருந்த ருசி இதில் இல்லை’ என்று ஒருவர் குறைப்படலாம். கண்ணுக்கு நாக்கு எட்டாத பல்லி மனிதன், குச்சி முனையில் ஈரத்துணி கட்டி, பேச்சின் நடுவே நிதானமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசாமல் விட்டால்தான் அது அவர்களுக்கு அன்றாடம் என்று தோன்றும்.

படி 4: திரைக்கதை

வழக்கமான வடிவில் அச்சிட்ட ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். ஆகவே ஐந்து பக்கம், மூன்று பாத்திரங்கள், ஒரே இடம். நமக்குத் தலைவர், சமையற்காரர், பல்லி மனிதன் போதும்.

இந்த வகையில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: பாத்திரங்களில் எவருக்கும் தாங்கள் நகைச்சுவைப் படத்தில் இருப்பது தெரியக்கூடாது. அவர்களுக்கு இது பசி, பொறுப்பு, மானம். நடிகர் கண்ணடித்த அந்த நொடியில் உலகம் உடைந்து, மலிவான முகமூடி வெறும் முகமூடியாகிவிடும். கொஞ்சம் எழுதிப் பார்ப்போம்.

தலைவர்: பே!

பல்லி மனிதன்: மன்னிக்க வேண்டும், ஐயா. நேற்றும் இதையேதான் சொன்னீர்கள்.

சமையற்காரர்: உலை கொதித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

பல்லி மனிதன்: நானும் முயன்றுதான் பார்க்கிறேன், அம்மா. வரமாட்டேன் என்கிறது.

பல்லி மனிதன் ஒத்துழைக்க விரும்புகிறான் என்பதைக் கவனியுங்கள். அவன் முரண்டு பிடித்திருந்தால் இது வெறும் சண்டைக் காட்சி. மூவரும் ஒரே பக்கம் நின்றும் காரியம் நடக்கவில்லை என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. அடுத்து முகமூடி, தகரச் சத்தம், பாழடைந்த கிணற்றின் கதை என்று முயற்சிகள் ஏறிக்கொண்டே போகட்டும். எதுவும் பலிக்காமல் தலைவர் சோர்ந்து உட்கார்ந்து, ‘சரி, இனி நீ எங்களுக்குத் தேவையில்லை. போகலாம்’ என்கிறார். தொப்பென்று வால் விழுகிறது. சிரித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த இடத்தில் நெஞ்சு கொஞ்சம் நெகிழும். அந்த நெகிழ்ச்சியைப் பார்த்து அஞ்சி உடனே ஒரு வேடிக்கை வசனத்தைச் செருகிவிடாதீர்கள்.

படி 5: பல்லி மனிதனைச் செய்தல்

முழு உடலையும் மூட வேண்டாம். தலையின் மேற்பாதி, இரண்டு கைகள், வால், இவ்வளவுதான். வாயும் கன்னமும் நடிகருக்கே இருக்கட்டும். நகைச்சுவையில் பாதி வேலையை உதடுதான் செய்கிறது. முழு முகமூடி போட்ட நடிகர் தோள்பட்டையால்தான் பேச வேண்டியிருக்கும். முதல் படத்தில் அந்தச் சுமையை அவர்மேல் ஏற்றாதீர்கள்.

கண்களுக்கு டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றை இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். பந்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர், மனித முகத்தில் பெரிதாகவே தெரியும். மஞ்சள் பூசி, நடுவில் செங்குத்தாகக் கறுப்புக் கோடு வரைந்து, காய்ந்ததும் நிறமற்ற நகப்பூச்சை மேலே தடவினால் ஈரப் பளபளப்பு வந்துவிடும். இவற்றை நடிகரின் கண்மேல் வைக்காமல், நெற்றிப் பட்டையில் புருவத்துக்கு மேலே ஒட்டுங்கள். அவருடைய சொந்தக் கண்களைச் சுற்றிக் கரும்பச்சை மை பூசி மங்கலாக்கிவிடலாம். பார்வை மறையாததால் தடுக்கி விழமாட்டார்.

தோலுக்குத் திரவ லேடெக்ஸ், அதாவது காய்ந்ததும் ரப்பராகும் பால். இறுக்கமான துணித் தொப்பியின்மேல் ஒரு பூச்சுப் பூசி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துச் சுருக்கங்களோடு ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மூன்று நான்கு அடுக்கில் சொரசொரப்பான தோல் கிடைக்கும். காய்ந்த லேடெக்ஸ் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். டால்கம் பவுடர் தூவி வையுங்கள். சாதாரண அக்ரிலிக் வண்ணத்தைத் தனியாகப் பூசினால் வளையும்போது வெடித்து உதிரும். அதைக் கொஞ்சம் லேடெக்ஸோடு கலந்து பூசுங்கள். கலவை காயும்போது நிறம் கருக்கும். ஆகவே ஒரு படி வெளிறிய நிறத்தில் தொடங்குவது நல்லது.

இங்கே கவனம் மிக முக்கியம். லேடெக்ஸ் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டுத் தோல் தடித்ததுண்டா, மூச்சு முட்டியதுண்டா என்று நடிகரிடம் முன்பே கேளுங்கள். ஆம் என்றால் லேடெக்ஸே வேண்டாம், துணியிலும் ஸ்பாஞ்சிலும் செய்யுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு நாள் முன்பு முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிச் சோதியுங்கள். அதில் அம்மோனியா நெடி இருப்பதால் சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடியிலும் புருவத்திலும் படவே கூடாது.

வாலுக்கு ஒரு தடித்த கயிறு. ஸ்பாஞ்சை வட்டங்களாக, போகப்போகச் சிறிதாக வெட்டி அதில் கோர்த்துவிட்டு, மேலே பழைய காலுறைத் துணியை இழுத்துத் தையுங்கள். பச்சை வண்ணம், சூடான பசைத் துப்பாக்கியால் வைத்த புள்ளிச் செதில்கள், முடிந்தது. இப்படி இரண்டு வால் வேண்டும். ஒன்று இடுப்புப் பட்டையில் கட்டுவதற்கு, மற்றது தரையில் துடிப்பதற்கு. வால் கழலும் பொறியமைப்பைச் செய்ய மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஏன் என்பதைப் படி 7-இல் சொல்கிறேன்.

படி 6: உடையும் இடமும்

புதுத் துணி இந்த உலகத்தில் கிடையாது. முழங்கை, முழங்கால், கழுத்துப்பட்டை, சட்டைப்பை ஓரம் என உடம்பு உரசும் இடங்களை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு கடுந்தேயிலை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கசங்கியபடியே காயவிடுங்கள். கண்ட இடத்தில் கத்தரியால் கிழித்தால் கிழித்தது என்றே தெரியும். எல்லாருடைய உடையிலும் அந்த உலகத்தின் பற்றாக்குறை ஓரிடத்தில் தெரிவது அழகு. நம் தலைவர் பழைய கரண்டி ஒன்றைப் பதக்கம்போல நெஞ்சில் அணிந்திருக்கிறார்.

இடத்துக்கு உரிமையாளரின் அனுமதி வாங்குங்கள். இடியும் நிலையில் உள்ள கூரையும், கல்நார் ஓடு உடைந்து கிடக்கும் கட்டடமும் படத்தில் நன்றாக இருக்கும், நுரையீரலுக்கும் உயிருக்கும் நல்லதல்ல, தவிர்த்துவிடுங்கள். பொம்மைத் துப்பாக்கி வெளியிடத்தில் வேண்டவே வேண்டாம்.

படி 7: படப்பிடிப்பு

கைபேசி போதும். நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி. ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். ஷாட்டின் நடுவில் வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால் அழிந்துபோன உலகம் என்ற நம்பிக்கை போய்விடும். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம் உங்களுடையது: நிழல் நீளமாக விழும், தெருவில் ஆளிருக்காது.

இனி வால் விழும் இடம். கழலும் கணத்தைக் காட்டவே வேண்டாம். தலைவர் சொல்லி முடித்ததும் பல்லி மனிதனின் முகம் குளோசப்பில். அந்த ஷாட்டிலேயே ‘தொப்’ என்ற ஒலி. அவன் மெதுவாகக் கீழே பார்க்கிறான். அடுத்து தரையில் துடிக்கும் வால். அதற்கு அடுத்து மூவரும் நிற்கும் அகல ஷாட், அதில் அவனுக்கு வால் இல்லை. பார்ப்பவரின் மனம் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். வாலைத் துடிக்க வைக்க, இரு முனைகளிலும் தூண்டில் நரம்பைக் கட்டி, ஃப்ரேமுக்கு வெளியே இரண்டு பேர் எதிரெதிராகச் சுண்டுங்கள். தரையில் மண்ணும் சருகும் பரப்பி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்தால் நரம்பு கண்ணுக்குப் படாது.

ஒப்பனைக்குள் இருப்பவர் வெகு சீக்கிரம் வியர்த்துக் களைப்பார். அவருடைய குளோசப்களை முதலில் எடுத்துவிடுங்கள். ஷாட்டுகளுக்கு நடுவே தொப்பியைக் கழற்றி, நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுங்கள். இயக்குநர் பசியோடிருக்கலாம், பல்லி பசியோடிருக்கக் கூடாது.

மலிவான பிராணி வேலை செய்யுமா என்று சந்தேகப்படுவோருக்கு ஒரு தகவல். அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டர் 1974-இல் வெளியிட்ட ‘டார்க் ஸ்டார்’ என்ற விண்வெளி நகைச்சுவைப் படத்தில், வேற்றுக்கிரகப் பிராணியாக வந்தது கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்து, அடியில் இரண்டு பாதங்களோடு. அதைத் துரத்தும் பாத்திரத்தில் நடித்த டான் ஓ’பானன் ஒரு நொடிகூடப் பந்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவர்தான் பிறகு 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் திரைக்கதையை எழுதினார்.

படி 8: ஒலி

படத்தில் மலிவு தெரிந்தால் மன்னிப்பார்கள், ஒலியில் தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். வசனத்தை வாய்க்கு அருகில் மைக் வைத்துப் பதியுங்கள். அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், வெட்டுகளை ஒட்ட உதவும்.

பிராணியின் குரலுக்குப் பிராணியே வேண்டும் என்பதில்லை. 1954-இல் வந்த ‘காட்ஜில்லா’வின் கர்ஜனையை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தேய்த்து, அந்த ஒலியின் வேகத்தைக் குறைத்து உருவாக்கினார். நம் பல்லிக்கு நாக்கை மேலண்ணத்தில் சுண்டும் ‘ச்’ ஒலியைப் பதிந்து, வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். வால் துடிப்பதற்கு ஈரத்துணியைப் பலகையில் அடிக்கலாம்.

படி 9: வெட்டு

முதல் தொகுப்பு ஐந்து நிமிடத்துக்கு எட்டு நிமிடம் வந்தாலும் கலங்க வேண்டாம். பயமுறுத்தும் முயற்சிகளில் பலவீனமானதை முழுதாக எடுத்துவிடுங்கள், சுருக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் பல்லியின் முகத்தில் வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக நில்லுங்கள். சிரிப்பு பெரும்பாலும் தலைவரின் ‘பே’யில் வராது, அதைக் கேட்டும் அசையாத முகத்தில் வரும்.

இசையை வேடிக்கையாகப் போடாதீர்கள். சோகப் படத்துக்குப் போடும் இசையே பொருந்தும்.

பிறகு கதை தெரியாத நாலைந்து பேரை உட்காரவைத்துக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கைபேசியை எடுக்கிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். கைபேசியை எடுத்த இடங்களுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து வெட்டத் தொடங்குங்கள்.