கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாடகத்துக்கு: வழுக்குகிற இடங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கிற பையன் ஒருவன் போன மாதம், தமிழ் பேசுகிற எங்கள் எல்லையூரான கொழிஞ்சாம்பாறையின் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, அமெச்சூரா இருந்தது போதுமுங்க. இனி புரொஃபஷனல் ஆகோணும்" என்றான், எட்டாம் வகுப்பு பாஸாகி ஒன்பதுக்குப் போகிற மாதிரி. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். நான் நாடகத்துக்கு லைட் கட்டுகிறவன். பாதி வேலை திருச்சூர்ப் பக்கம், பாதி கோயம்புத்தூர்ப் பக்கம். இந்தக் கேள்வியோடு வருகிற நம்மூர்ப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினவன்தான்.

அந்தப் பையன் முதலில் வழுக்கியது அந்தச் சொல்லிலேயே. கேரளத்தில் 'புரொஃபஷனல் நாடகம்' என்பது தனி உலகம். சமிதிக்கு, அதாவது நாடகக் குழுவுக்கு, சொந்த வண்டி, அதில் மடித்து ஏற்றுகிற செட், கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், வாசகசாலை ஆண்டு விழா என்று புக்கிங். மழைக்காலத்தில் கேம்ப் போட்டு ஒத்திகை பார்ப்பார்கள். ஓணத்தை ஒட்டி அரங்கேற்றம், அப்புறம் கோடை முடிகிறவரை ஊர் ஊராக ஓட்டம். 1950-இல் தொடங்கிய கே.பி.ஏ.சி. போன்ற குழுக்கள் போட்ட பாதை அது. 'அமெச்சூர்' என்றால் அங்கே கற்றுக்குட்டி என்று அர்த்தம் இல்லை. திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் டிராமா இருக்கிறது. 1977-இல் ஜி. சங்கரப் பிள்ளை தலைமையில் தொடங்கியது. அங்கே படித்துவிட்டு வருஷக்கணக்காகத் தீவிரமாக நாடகம் செய்கிறவர்களும் கணக்கில் அமெச்சூர்தான். கேரள சங்கீத நாடக அகாடமி போட்டி வைத்தாலும் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. அதே 1977-இல் சென்னையில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்கிற நவீன நாடகக் குழுவின் பாதை மூன்றாவது வகை. எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுவதுதான் இங்கே பெரிய தவறு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு சமிதியில் சேர்ந்தான். நல்ல நடிகன். ஜனவரியில் சினிமாவில் சின்ன வேஷம் கிடைத்தது என்று பாதி சீசனில் கிளம்பிவிட்டான். சமிதி நாடகத்தில் எட்டுப் பத்துப் பேர்தான் நடிப்பார்கள், மாற்று ஆள் வைக்க வசதி கிடையாது. புக்கிங் எடுத்த ஊர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். சினிமாவில் அவன் காட்சி எடிட்டிங்கில் போய்விட்டது. மறு வருஷம் எந்தச் சமிதியும் அவனைக் கூப்பிடவில்லை. சீசன் என்றால் முழு சீசன். முடியாது என்றால் கேம்ப் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

மோனோ ஆக்ட் நோய்

கேரளத்துப் பள்ளிகளின் கலைப்போட்டி விழாவான கலோத்சவம் 1957-இலிருந்து நடக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அதில் மோனோ ஆக்ட் செய்து, ஏ கிரேடு வாங்கி, கிரேஸ் மார்க்கும் வாங்கி வந்தவர்கள். அதில் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது, மேடை பயம் போவது அங்கேதான். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்குள் குடிகார அப்பா, அம்மா, போலீஸ்காரர், வீட்டு நாய் எல்லாமே ஒரே ஆள். மூச்சு விடாமல் குரல் மாற்றி, கடைசியில் முட்டி போட்டு அழுதால் ஜட்ஜுக்குப் பிடிக்கும். அதே சாமானை ஆடிஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இயக்குநர் பார்ப்பது வேறு. எதிரில் இருப்பவர் பேசும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கேட்கிறீர்களா, உங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறீர்களா? மோனோ ஆக்டில் எதிராளியே கிடையாதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. நடித்துக் காட்டியதும், "இதையே சத்தமில்லாமல், ஒரு துணியை மடித்துக்கொண்டே செய்" என்பார்கள். முதல் தடவை பிடிக்காமல் சொல்கிறார்கள் என்று நினைத்து முகம் வாடிப் போகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. சொன்னதை வாங்கி மாற்றிக்கொள்கிற ஆளா என்று பார்க்கிறார்கள். பல இடங்களில் ஆடிஷனே அந்த இரண்டாவது தடவைதான். சினிமா வசனத்தைக் கொண்டுபோகாதீர்கள், அந்த நடிகரின் நிழல்தான் தெரியும். அமைதியான துண்டு ஒன்று, வேகமான துண்டு ஒன்று, இரண்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி மனப்பாடமாக இருந்தால் போதும்.

பேச்சை ஒளித்து வைப்பது

இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம். திருச்சூர் போனால் தமிழ் வாடை என்கிறார்கள், கோயம்புத்தூர் போனால் மலையாள வாடை என்கிறார்கள். அதனால் நம் பிள்ளைகள் ஆடிஷனில் புத்தக மலையாளமும் செய்தி வாசிப்புத் தமிழும் பேசித் தொலைக்கிறார்கள். இரண்டிலும் உயிர் இருக்காது. பாலக்காட்டு பகவதி கோயில் கூத்துமாடத்தில் நடக்கிற தோல்பாவைக்கூத்தை நினைத்துப் பாருங்கள். பாடுவது கம்பராமாயணம், பாடுகிறவர் மலையாளப் புலவர். தமிழ்ப் பாட்டைச் சொல்லி, மலையாளம் கலந்து விளக்கம் சொல்கிறார். தாரிகனை வதம் செய்யப் போயிருந்த பத்ரகாளியால் ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அவளுக்காகத்தான் கூத்து என்பது ஐதீகம். எதிரில் ஒரு மனுஷர்கூட இல்லாவிட்டாலும் விடிய விடிய நடக்கும். (பார்க்க ஆள் வரவில்லை என்று புலம்புகிற இளைஞர்களை ஒரு ராத்திரி அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கலாம்.) நம் பக்கத்து நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்திலும் தமிழும் மலையாளமும் கைகோத்துத்தான் ஆடும். ஆக, எல்லைப் பேச்சுக்கு இந்த மண்ணில் மேடை புதிதில்லை. ஒரு கதாபாத்திரத்துக்கு அந்தப் பேச்சு தேவைப்படும்போது இயக்குநர் ஆள் தேடுவார். உங்களுக்கு அது வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பேச்சை மட்டும் நம்பியும் காலம் தள்ள முடியாது. தமிழ் மீடியத்தில் படித்த பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஸ்கிரிப்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மலையாளத்தில் நாலு க-வுக்கு நாலு எழுத்து, நமக்கு ஒன்றே ஒன்று. ஒத்திகையில் ஒரு தங்கச்சி 'கத' என்று தமிழில் எழுதி வைத்திருந்தாள். அது சொல்லுகிற கதையா, பீமன் கையில் இருக்கிற கதையா என்று பார்த்தால் தெரியாது. பாட்டி கதை சொன்னாள் என்கிற இடத்தில் பாட்டி கதாயுதத்தை எடுத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் மறுநாளே மலையாள அரிச்சுவடி வாங்கினாள். மூன்று மாதம் போதும். இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்தால் மொழிபெயர்ப்பு, வசனம் எடுத்துக் கொடுக்கிற ப்ராம்ப்டிங், விருந்தினர் குழுவுக்குத் துணை என்று எத்தனையோ வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

நடிப்பு மட்டும்தான் வாசல் என்பது

நான் நடிக்கத்தான் போனேன். வேஷம் இல்லை, ஏணி பிடி என்றார்கள். மனசுக்குள் திட்டிக்கொண்டே பிடித்தேன். ஏணி மேலே இருந்த சேட்டன் பார் லைட்டைத் திருப்பிக்கொண்டே, "முகத்தில் விழுகிற வெளிச்சம் நேரே எதிரிலிருந்து வந்தால் முகம் தட்டையாகிவிடும், பக்கத்திலிருந்தும் கொஞ்சம் வர வேண்டும்" என்று தனக்குத்தானே பேசுவார். அப்படித்தான் கற்றேன். முதல் தடவை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போர்டில் உட்கார்ந்தபோது, எப்போது எந்த லைட் என்று எழுதிய க்யூ ஷீட்டில் ஒரு வரி தாண்டிப் படித்து, கதாநாயகி அழ ஆரம்பிக்கும் முன்பே மேடையை இருட்டாக்கிவிட்டேன். அவர் இருட்டிலேயே அழுது முடித்தார். மறுநாள் என்னைத் திட்டவில்லை, இன்றைக்கு வெளிச்சத்தில் அழ விடு தம்பி என்றார், அவ்வளவுதான்.

ஒரு நாடகத்தில் நடிகர் இடம் பத்து என்றால் கேட்டு வருகிறவர்கள் நூறு. லைட், சவுண்ட், செட், உடுப்பு, பிராப்பர்ட்டி, மேடை நிர்வாகம் இவற்றுக்கு ஒழுங்கான ஆள் கிடைப்பதில்லை. திருச்சூரில் சங்கீத நாடக அகாடமி 2008-இலிருந்து சர்வதேச நாடக விழா நடத்துகிறது. நம் பிள்ளைகள் அங்கே போய் நடிகர் முரளி அரங்கின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். காலையில் செட் இறக்குகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுக் குழு தன் சாமானை எப்படி எண்ணி, எப்படி அடுக்கி, நடிகர்கள் எத்தனை மணிக்கே வந்து உடம்பைத் தயார் செய்கிறார்கள் என்பதெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்த்தால் தெரியாது. வாலண்டியர் கேட்கிற வருஷம் பேர் கொடுங்கள்.

காகிதம், காசு

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆனால் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நீங்கள் செய்த நாடகத்தின் நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் 3 வருஷ டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்க, குறைந்தது 6 நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். தேதியும் உங்கள் பேரும் அச்சான காகிதம்தான் ஆதாரம். என் முதல் நாலு நாடகத்தின் நோட்டீஸ் எங்கள் வீட்டு அலமாரித் தட்டில் விரிப்பாகக் கிடந்து கரையான் தின்றது. மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 வருஷம் உதவித்தொகை தருகிறது. குருவிடமோ நிறுவனத்திலோ 5 வருஷம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், சான்று வேண்டும். 26 வயதில் வந்து கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? அதற்கு மேல் 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப் உண்டு, ஆனால் அது ஆராய்ச்சித் திட்டம் எழுதிக் கேட்க வேண்டியது.

காசு கேட்க நமக்குக் கூச்சம். ஒரு குழுவில் இரண்டு மாதம் லைட் செய்தேன், "நம்ம ஆளுதானே" என்று கடைசியில் பஸ் காசு கொடுத்தார்கள். தப்பு என் பக்கமும் இருந்தது, நான் கேட்கவே இல்லை. இப்போது முதல் நாளே வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டுவிடுகிறேன்: "மாஷே, ஒத்திகை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, ஷோ இத்தனை, ஷோவுக்கு இவ்வளவு, சாப்பாடும் வண்டிக் கூலியும் உங்களுடையது, சரிதானே?" சரி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். காசே இல்லாத நாடகமும் செய்யலாம், நானும் செய்கிறேன். அதுவும் முன்பே பேசியதாக இருக்க வேண்டும். பெரிய நிறுவனம் என்றால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், பான் எண் கொடுக்காவிட்டால் 20. வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்ன் போட்டால் பிடித்த காசு திரும்பி வரும்.

கல்லூரியில் யாருடைய நாடகத்தையும் எடுத்துப் போட்டுப் பழகியிருப்பீர்கள். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் அதை அனுமதிக்கிறது: நடிப்பது மாணவர்களும் ஆசிரியர்களும், பார்ப்பதும் அவர்களும் பெற்றோரும் என்றால் அனுமதி வேண்டாம். டிக்கெட் போட்டு வெளியே நடத்தினால் கதை மாறுகிறது. எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆகும்வரை அவரிடமோ வாரிசிடமோ கேட்க வேண்டும். மலையாள நாடகத்தின் தமிழாக்கம் என்றால் மொழிபெயர்த்தவரிடமும் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். கேட்காமல் போட்டுவிட்டு அரங்கின் வாசலில் அவரையே சந்திப்பதுதான் சங்கடம்.

பெண் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒத்திகையில் யாராவது அத்துமீறினால் எங்கே போவது? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013-ஆம் வருஷச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். நாடகக் குழு பெரும்பாலும் அதைவிடச் சிறியது, அதனால் குழு இல்லை, வழியும் இல்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு என்று ஒன்று இருக்கிறது. சின்னக் குழுவில் நடந்தது என்றாலும் அங்கே போகலாம்.

அந்தப் பையனிடம் கடைசியாகக் கேட்டேன், "திருச்சூரில் ஒத்திகை ராத்திரி ஒன்பதுக்கு முடிஞ்சா எப்படித் தம்பி வீடு வருவே?" பாலக்காடு வரை ரயிலைப் பிடித்துவிடலாம், அங்கிருந்து கொழிஞ்சாம்பாறைக்குக் கடைசி பஸ் போயிருக்கும். அவன் யோசிக்கவே இல்லை. நிறையப் பேர் இதை முதல் வாரம் சொல்லாமல் மறைத்து, இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் கடைசிக் காட்சியின்போது கடிகாரம் பார்க்க ஆரம்பிப்பார்கள். முதல் நாளே சொன்னால் உன் காட்சியை முன்னால் எடுப்பார்கள், இல்லையென்றால் அங்கேயே பாய் போடுவார்கள் என்றேன். "பாயெல்லாம் போடுவாங்களாண்ணா?" என்றான். பாய் போடுவார்கள், கொசுவர்த்தி நாம்தான் கொண்டுபோக வேண்டும்.