எல்விஎன் படிப்பு: மதிப்பெண்ணிலும் ரெமெடியேஷனிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

35 வாங்கினால் பாஸ் என்ற கணக்கில் வளர்ந்தவர்களுக்கு, 74.9 வாங்கியும் ஃபெயில் என்றால் முதலில் நம்பவே முடியாது. கலிபோர்னியாவில் எல்விஎன், அதாவது லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ் படிப்பில் பல பள்ளிகளின் பாஸ் மார்க் 75. சில பள்ளிகளில் அதற்கும் மேல். தசமத்தை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிப் போடுவதில்லை என்று பெரும்பாலான கையேடுகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பள்ளி மாணவர்கள் என்கிளெக்ஸ்-பிஎன் உரிமத் தேர்வில் பெறும் ஆண்டுத் தேர்ச்சி விகிதம், மாநிலச் சராசரியைவிட 10 சதவீதப் புள்ளிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது நர்ஸிங் பள்ளிகளை அங்கீகரிக்கும் மாநில வாரியத்தின் விதி. தொடர்ந்து இறங்கினால் பள்ளியின் அங்கீகாரத்துக்கே சிக்கல். அதனால் உரிமத் தேர்வில் தடுமாறக்கூடியவர் யார் என்பதைப் பள்ளி முதல் டெர்மிலேயே கவனிக்கத் தொடங்கிவிடும்.

மொத்த மார்க்கை மட்டும் பார்ப்பது

அதிகம் பேர் விழும் குழி இதுதான். பல பள்ளிகளில் இரண்டு வாசல்கள் உண்டு. தேர்வுகளின் சராசரி மட்டும் தனியாக 75 வர வேண்டும். அது வந்த பிறகுதான் அசைன்மென்ட், க்விஸ் மார்க்குகளைச் சேர்ப்பார்கள்.

ஒரு சிலபஸை எடுத்துக்கொள்வோம். யூனிட் தேர்வுகளுக்கு 60 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 25, க்விஸுக்கு 10, வீட்டுப்பாடத்துக்கு 5. ஒரு மாணவி யூனிட் தேர்வுகளில் சராசரி 72, இறுதித் தேர்வில் 72, க்விஸில் 95, வீட்டுப்பாடத்தில் 100 வாங்குகிறார். 43.2, 18, 9.5, 5 என்று கூட்டினால் 75.7. ஆன்லைன் கிரேட்புக் இந்த 75.7-ஐத்தான் காட்டும். அவரும் நிம்மதியாக இருப்பார். ஆனால் தேர்வுச் சராசரி 72 என்பதால் அந்தப் பாடத்தில் அவர் தேறவில்லை.

இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை. யூனிட் தேர்வுகள் முடிந்தவுடன் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன அளவுகளின்படி யூனிட் சராசரி 72 என்றால், தேர்வுச் சராசரி 75-ஐத் தொட இறுதித் தேர்வில் 82.2 வேண்டும். யூனிட் சராசரி 70 என்றால் 87 வேண்டும். இரண்டு மார்க் குறைந்ததற்கு இறுதித் தேர்வில் ஏறக்குறைய ஐந்து மார்க் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது யூனிட் தேர்வு சறுக்கியதுமே ஆசிரியரிடம் போக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ரெமெடியேஷன் செய்தால் மார்க் ஏறும் என்று நம்புவது

ரெமெடியேஷன் என்பது விட்ட பாடத்தை மறுபடி கற்றுக்கொண்டதை நிரூபிக்கும் வேலை. பெரும்பாலான பள்ளிகளில் அதனால் பழைய மார்க் மாறாது. மறுதேர்வு தரும் பள்ளிகளிலும், அதில் 95 எடுத்தாலும் பதிவேட்டில் 75 மட்டுமே போடும் வழக்கம் உண்டு. ஆனால் செய்யாமல் விட்டால் அடுத்த தேர்வுக்கு அனுமதி மறுக்கலாம். மார்க் ஏறாது என்று தெரிந்ததும் அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் கையேட்டில் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

அதைச் செய்கிற விதத்திலும் தவறு நடக்கிறது. சரியான விடைகளை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தால் அடுத்த தேர்வில் அதே இடத்தில்தான் விழுவீர்கள். தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். பாடம் தெரியவில்லையா, "முதலில் செய்ய வேண்டியது எது" என்ற சொல்லைக் கவனிக்கவில்லையா, சரியான விடையைக் கடைசியில் மாற்றிவிட்டீர்களா, நேரம் போதவில்லையா? 15 தவறில் 9 கேள்வியைச் சரியாக வாசிக்காததால் வந்தது என்றால், புத்தகத்தை மறுபடி படிப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. நேரம் வைத்துக் கேள்விகளைப் பழகுவதுதான் மருந்து.

"பொருந்துவன எல்லாம் தேர்ந்தெடு" வகைக் கேள்விகளில் ஒரு குழப்பம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் என்கிளெக்ஸில் பகுதி மதிப்பெண் உண்டு. சரியான ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு புள்ளி, தவறான ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழிவு, பூஜ்யத்துக்குக் கீழே போகாது. உங்கள் பள்ளித் தேர்விலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுவதும் சரியாக இருந்தால்தான் மார்க் என்று வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு.

மருந்தளவுக் கணக்கைச் சாதாரணத் தேர்வாக நினைப்பது

இதற்கு 75 போதாது. 90 அல்லது 100 சதவீதம் கேட்பார்கள், இரண்டு அல்லது மூன்று வாய்ப்புதான் தருவார்கள். தேறாதவர் கிளினிக்கலில், அதாவது நோயாளிகளிடம் செய்யும் நேரடிப் பயிற்சியில், மருந்து கொடுக்க முடியாது, அதனால் கிளினிக்கலே நின்றுபோகும்.

33 பவுண்டு எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. அசிட்டமினோஃபென் என்று உத்தரவு. பாட்டிலில் 5 மி.லி.க்கு 160 மி.கி. 33-ஐ 2.2-ஆல் வகுத்தால் 15 கிலோ. மருந்து 225 மி.கி., அதாவது 7 மி.லி. அவசரத்தில் வகுக்காமல் பெருக்கினால் 72.6 கிலோ வரும், விடை 34 மி.லி. ஆகிவிடும். கால்குலேட்டர் இதைத் தடுக்காது. 33 பவுண்டுக் குழந்தைக்கு 72 கிலோவா என்று ஒரு நொடி நிறுத்திப் பார்க்கிற பழக்கம்தான் தடுக்கும்.

நடுவில் தசமத்தைச் சுருக்குவதும் மார்க்கைக் கொண்டுபோகும். 20 பவுண்டு என்பது 9.09 கிலோ. அதே உத்தரவுக்குக் கடைசியில் மட்டும் சுருக்கினால் 4.3 மி.லி. எடையை முதலிலேயே 9 ஆக்கிவிட்டால் 4.2. விடைத்தாளில் 4.3 இருந்தால் 4.2 தவறுதான். எந்தக் கட்டத்தில், எத்தனை இலக்கத்துக்குச் சுருக்க வேண்டும் என்ற பள்ளியின் விதியைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரை மி.லி.யை 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 வேண்டாம். ஐந்தை 5 என்றே எழுதுங்கள். 5.0 என்றால் புள்ளி கண்ணில் படாமல் 50 ஆகிவிடும். இந்த வழக்கத்துக்காகவே மார்க் குறைக்கும் பள்ளிகள் உண்டு. குறைப்பது சரி என்றே சொல்வோம்.

டாக்டர் சீட்டு இருந்தால் மணிநேரம் கணக்கில் வந்துவிடும் என்று எண்ணுவது

வராது. கலிபோர்னியாவில் இந்தப் படிப்புக்குக் குறைந்தது 1,530 மணிநேரம் வேண்டும். அதில் 576 தியரி, 954 கிளினிக்கல். காய்ச்சலோ வீட்டில் துக்கமோ, காரணம் நியாயமாக இருந்தால் தண்டனை இருக்காது. ஆனால் விட்ட பாடத்தை ஈடு செய்தாக வேண்டும். தியரியை கேஸ் ஸ்டடி, எழுத்துத் தேர்வு, செமினார், ஆய்வுக் கட்டுரை போன்றவற்றால் ஈடு செய்யலாம். கிளினிக்கலுக்கு இரண்டே வழி: ஸ்கில்ஸ் லேபில் செய்துகாட்டி மதிப்பீடு பெறுவது, அல்லது நோயாளிகளிடம் கூடுதல் நேரம் பணி செய்வது. கிளினிக்கல் நாளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்து முடித்துவிடலாம் என்று சக மாணவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கிளினிக்கல் குறிப்புகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

தியரியில் 90 வாங்கியவரும் கிளினிக்கலில் தேறாமல் போகலாம். இங்கே பெரும்பாலும் தேறினார், தேறவில்லை என்ற இரண்டுதான். நோயாளியின் பெயரோடு பிறந்த தேதி போன்ற இரண்டாவது அடையாளத்தையும் சரிபார்க்காமல் மருந்தை நீட்டுவது, கதீட்டர் போடும்போது ஸ்டெரைல் கையுறை படுக்கை விரிப்பில் பட்டும் சொல்லாமல் தொடர்வது போன்றவை ஒரே தடவையில் எச்சரிக்கைத் தாளாக மாறும். கையுறை பட்டதை நீங்களே சொல்லி மாற்றிக்கொண்டால் பல ஆசிரியர்கள் அதை நல்ல நடைமுறையாகவே எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அது நேர்மைப் பிரச்சினை, அதற்கு ரெமெடியேஷன் கிடையாது.

எச்சரிக்கைத் தாளில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தத் திறனில் குறை, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். "இன்னும் முன்னேற வேண்டும்" என்று மட்டும் இருந்தால், விவரமாக எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது, படித்தீர்கள் என்பதற்கான அடையாளம்தான். உங்கள் தரப்பைச் சொல்ல இடம் இருந்தால் அங்கேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, கிளினிக்கல் புரொபேஷன், அதாவது கெடு வைத்துக் கண்காணிக்கும் நிலை வேறு, ஃபெடரல் கல்வி உதவிக்கான புரொபேஷன் வேறு. டெர்மைத் திரும்பப் படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். படிப்பின் அறிவிக்கப்பட்ட கால அளவில் 150 சதவீதத்துக்குள் முடிக்க முடியாத நிலை வந்தால் அந்த உதவி நின்றுவிடும். மறுபடி சேர்வதற்கு முன் நிதி உதவி அலுவலகத்தில் தனியாகக் கேளுங்கள்.

முறையீட்டைத் தள்ளிப்போடுவது

சில நாள் கெடுதான் இருக்கும், அதுவும் மார்க் வெளியான நாளிலிருந்து ஓடும். ஆசிரியர், பிறகு புரோகிராம் டைரக்டர், பிறகு எழுத்து மூலமான முறையீடு என்ற வரிசையைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முறையீட்டு விதிகளையும், வாரியத்தைத் தொடர்புகொள்ளும் உரிமையையும் பள்ளி மாணவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாளைச் சேரும்போதே பத்திரப்படுத்துங்கள். அப்பாவோ கணவரோ போன் செய்து பேசிப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாதீர்கள். மாணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பள்ளி பொதுவாக மார்க் விவரத்தைப் பேசாது. கடிதத்தில் கஷ்டங்களைவிட விதிக்கு முதலிடம் கொடுங்கள்: கையேட்டின் பக்க எண், அந்த விதி, நடந்த தேதி, கேட்கும் தீர்வு. ஒரு பக்கம் போதும். கொடுத்ததும் நகலில் பெற்றுக்கொண்டதற்கான தேதியையும் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.