ஆஞ்சியோ செய்த இடத்தில் ரத்தம் வந்தால் செய்யக்கூடாதவை

மதுரையில் ஆஞ்சியோ (தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு இதய ரத்தக்குழாய்களைப் பார்ப்பது) முடித்துவிட்டு மறுநாளே பாம்பனுக்கோ தொண்டிக்கோ வண்டி ஏறிவிடுகிறோம். 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். என் மாமாவுக்குத் தொடை வழியாகச் செய்திருந்தார்கள். பரமக்குடி தாண்டியதும் வேட்டி நனைந்துவிட்டது. அத்தை துண்டைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்தார். அதுவும் நனைய, மேலே இன்னொரு துண்டு. பதறிப்போனால் யாரும் செய்வதுதான். ஆனால் துணி மொத்தமாக ஆக ஆக அழுத்தம் பரவிப் போய்விடும், ரத்தம் உள்ளே ஊறுவதும் தெரியாது.

ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டி, இரண்டு மூன்று விரல் நுனியால் நேராக அழுத்த வேண்டும். தோலில் தெரியும் துளையை மட்டும் அழுத்துவது அடுத்த தவறு. ஊசி வயிற்றுப் பக்கமாகச் சாய்ந்து போவதால், ரத்தக்குழாயில் உள்ள ஓட்டை அதற்கு ஒரு விரல்கடை மேலே இருக்கும். நாடி துடிப்பது விரலுக்குத் தெரியும் இடம் அது. அங்கே அழுத்தியபடியே, பக்கத்தில் இருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், "நின்றுவிட்டதா?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையை எடுத்துப் பார்ப்பது. எடுத்தால் அப்போதுதான் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். குறைந்தது 15 நிமிடம் விரலை எடுக்கவே கூடாது. மாமாவுக்கு அழுத்திப் பிடித்த எனக்குக் கை மரத்துப்போனது, ஆனாலும் எடுக்கவில்லை.

மணிக்கட்டு வழி என்றால் மற்ற கையாலேயே அழுத்திக்கொள்ளலாம். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

வெளியே ரத்தமே இல்லாமலும் ஆபத்து வரலாம். தொடை வழி செய்தவருக்கு முதுகோ விலாப்பக்கமோ வலித்து, குளிர்ந்து வியர்த்து, தலை சுற்றினால் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படுங்கள். வாயுப் பிடிப்பு என்று வெந்நீர் கொடுத்து நேரம் கடத்தாதீர்கள். துளைக்குப் பக்கத்தில் துடிக்கும் கட்டி தெரிந்தாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ரத்தம் வந்த பயத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துகிறவர்களும் உண்டு. ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவருக்கு அது அடைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளையும் விடக்கூடாது.

ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறதென்றால் நம் ஆட்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். தொடை வழி செய்தவர் ஒரு வாரமாவது வலை இழுக்கவோ ஐஸ் பெட்டி தூக்கவோ கூடாது. துளை ஆறும்வரை கடல் குளியலும் வேண்டாம். இருமலோ தும்மலோ வந்தால் உள்ளங்கையால் அந்த இடத்தை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.