ஆன்டிபயாடிக் சாப்பிடறப்ப குடல்ல இருக்கற ஈஸ்ட்டை எப்படி பாத்துக்கறது

போன மாசம் எங்க அத்தைக்கு யூரின் இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தாங்க, நாலாவது நாள் லூஸ் மோஷன், கூடவே நாக்கு முழுக்க வெள்ளையா படிஞ்சிருச்சு. சொந்தத்துல ஒருத்தர் "உடம்பெல்லாம் கேண்டிடா பரவிருச்சு, சர்க்கரை, பிரெட், இட்லி எல்லாத்தையும் நிறுத்துங்க"ன்னு ஒரு வீடியோவை அனுப்பிட்டாரு, சுகருக்கு மாத்திரை போடற மனுஷி ரெண்டு நாளா சரியா சாப்பிடாம தலை சுத்தி உக்காந்துட்டாங்க. எனக்கு மனசே ஆறலை, அதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணை மனசுல வாங்கிக்கோங்க, குடல்ல ஈஸ்ட், அதாவது ஒரு வகை பூஞ்சை, இருக்கறது நோய் இல்ல. நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்க நிறைய பேரோட குடல்ல கேண்டிடா அல்பிகன்ஸ்ங்கற ஈஸ்ட் இருக்கு. எண்ணிக்கையில பாக்டீரியா பக்கத்துலயே நிக்க முடியாது, மொத்தத்துல ஒரு சதவீதம்கூட வராது, ஆனா ஒவ்வொரு செல்லும் பாக்டீரியாவைவிட பெருசு, நம்ம எதிர்ப்பு சக்தி அதை எப்பவும் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கு. அதனால மோஷன் டெஸ்ட்ல கேண்டிடா வந்துச்சுன்னு பதறாதீங்க. காலையில டம்ளர் தண்ணில எச்சில் துப்பி நூல் மாதிரி இறங்குதான்னு பாக்கச் சொல்றாங்களே, அதை நம்பவே நம்பாதீங்க, எச்சில்ல இருக்கற கொழகொழப்பு அப்படித்தான் இறங்கும்.

இந்த ஈஸ்ட்டுக்கு ரெண்டு உருவம். சாதாரணமா உருண்டையா இருக்கும், சூழ்நிலை வாய்ச்சா நீளமா இழை விட்டு வளரும். உருண்டையா இருக்கறப்ப அதோட சுவர்ல பீட்டா குளுக்கான்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி உள்பக்கம் மறைஞ்சிருக்கும், மேல மேனன்னு இன்னொரு படலம் மூடியிருக்கும். நம்ம வெள்ளை அணுக்கள் மேல டெக்டின்-1னு ஒரு ரிசெப்டர் இருக்கு, அந்த பீட்டா குளுக்கானை கண்டுபிடிக்கறதுதான் அதோட வேலை. இந்த டெக்டின்-1 இல்லாத எலிகளுக்கு குடல் புண் ரொம்ப மோசமா வந்துச்சுன்னு 2012ல காட்டினாங்க, அதாவது ஈஸ்ட்டை அடையாளம் பாக்கற வேலை நின்னுட்டா குடலுக்கே ஆபத்து. இழையா மாறினா கேண்டிடாலைசின்னு ஒரு நச்சை விடும், 2016லதான் இதைக் கண்டுபிடிச்சாங்க, அது குடல், வாய் செல்லோட சவ்வுல ஓட்டை போடும், உடனே அந்த செல்லு அபாயம்னு சிக்னல் குடுக்கும், டிஎச்17ங்கற எதிர்ப்பு சக்தி செல்கள் ஐஎல்-17ங்கற சிக்னல் புரதத்தை சுரக்கும், கிருமியை விழுங்கற நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணுக்கள் ஓடி வரும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, குடல்ல சுரக்கற ஐஜிஏங்கற ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கற எதிர்ப்புப் புரதம்) எல்லா ஈஸ்ட்டையும் ஒரே மாதிரி தாக்கறதில்ல, இழை விட்டு ஒட்டிக்கறதைத்தான் குறிப்பா பிடிக்குதுன்னு 2021ல வந்த ஆராய்ச்சிகள் சொல்லுது. உருண்டையா அடங்கி இருக்கறதை விட்டு வைக்குது. இந்த ஐஎல்-17 எவ்வளவு முக்கியம்னு பாக்கணும்னா, சோரியாசிஸ்ங்கற தோல் நோய்க்கு அதைத் தடுக்கற ஊசி போடறவங்கள்ல சிலருக்கு வாயில கேண்டிடா வரும், அது தெரிஞ்ச சைடு எஃபெக்ட்தான்.

அப்ப நாம செய்ய வேண்டியது ஈஸ்ட்டைக் கொல்றது இல்ல, இந்தக் காவலைக் கெடுக்காம இருக்கறது. சளி, வைரல் ஜுரத்துக்கு நீங்களா மெடிக்கல் ஷாப்புல ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க, அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பாக்டீரியா போன காலி இடத்துல ஈஸ்ட் ஜாலியா பெருகும். டாக்டர் எழுதினதுன்னா அவர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க, பாதில நிறுத்தணும்னு தோணினா அவரைக் கேட்டுட்டு நிறுத்துங்க.

ஆன்டிபயாடிக் கூடவே வயித்துப்போக்கு வராம இருக்க பவுடர் பாக்கெட் ஒண்ணு குடுப்பாங்களே, நிறைய பேருக்கு அதுவே ஒரு ஈஸ்ட்னு தெரியாது. சாக்கரோமைசெஸ் பவுலார்டி. 1920கள்ல ஆன்ரி பவுலார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவுல காலரா சமயத்துல ஜனங்க லிச்சி, மங்குஸ்தான் தோலை வச்சு வயித்துப்போக்கை சமாளிக்கறதைப் பாத்து, அந்தப் பழத்தோல்லருந்து பிரிச்செடுத்தது. ஆன்டிபயாடிக்ல சாகாதுங்கறதுதான் இதோட பலம், சி டிஃபிசில்ங்கற கெட்ட பாக்டீரியாவோட நச்சை வெட்டற ஒரு என்சைமும் விடும், குடல்ல ஐஜிஏ சுரப்பைக் கூட்டுறதை எலிகள்ல பாத்திருக்காங்க. குடல்லயே தங்காது, நிறுத்தின சில நாள்ல வெளிய போயிடும். உயிரோட இருக்கற பொருள், அதனால சாதா தண்ணில கலந்து உடனே குடிங்க, சூடான பால், டீ, காபில கலந்தா செத்துப் போயிடும். ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சையைக் கொல்ற மாத்திரை சாப்பிடறப்ப இதையும் போட்டா அந்த மாத்திரையே இதைக் கொன்னுடும், காசுதான் வேஸ்ட்.

இதை யாரு தொடக்கூடாதுங்கறதைக் கவனமா படிங்க. கீமோ எடுக்கறவங்க, உறுப்பு மாத்தினவங்க, ஐசியூல இருக்கறவங்க, கழுத்துலயோ நெஞ்சுலயோ சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள்ள விடற ட்யூப்) போட்டிருக்கறவங்களுக்கு இது ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து பெட்டுல பாக்கெட்டைப் பிரிச்சாக்கூட தூள் காத்துலயும் கையிலயும் பட்டு லைன் வழியா போன கேஸ்கள் இருக்கு, 2017ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சி இதுக்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கினாங்க. ஆஸ்பத்திரில கூட இருக்கறப்ப நோயாளி பெட்டுகிட்ட வச்சுப் பிரிக்காதீங்க, தயவு செஞ்சு.

இட்லியை நிறுத்தணுமான்னு கேட்டா, வேண்டாம். மாவு பொங்கறது பெரும்பாலும் பாக்டீரியாவால, கொஞ்சம் ஈஸ்ட்டும் இருக்கும், ஆவில வெந்ததும் ரெண்டும் போயிடும். கள்ளு ஊத்திப் புளிக்க வச்ச ஆப்பமும் அப்படித்தான். குரோன்ஸ்ங்கற நாள்பட்ட குடல் அழற்சி நோய் இருக்கான்னு பாக்கறப்ப ஆஸ்கான்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க, அது சாக்கரோமைசெஸ் ஈஸ்ட்டுக்கு எதிரான ஆன்டிபாடி, பாசிட்டிவ்னா ஈஸ்ட் அலர்ஜின்னு அர்த்தம் இல்ல, நம்ம குடல் கேண்டிடாவே அந்த ஆன்டிபாடியைக் கிளப்பி விடலாம், அதை டாக்டர்கிட்ட விட்டுடுங்க.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தா ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க, பல் செட்டை ராத்திரி கழட்டி வைங்க, சுகரைக் கட்டுக்குள்ள வைங்க, சுகர் ஏறினா நியூட்ரோஃபில் மந்தமாயிடும். காரணமே இல்லாம பெரியவங்களுக்கு வாயில வெள்ளை படிஞ்சுக்கிட்டே இருந்தா சுகரும் எச்ஐவியும் டெஸ்ட் பண்ணிடுங்க, கூச்சப்படாதீங்க. முழுங்க வலிச்சாலோ, ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் மோஷன்ல ரத்தம், ஜுரம் வந்தாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, வயித்துப்போக்கு நிக்கற மாத்திரையை நீங்களா போடாதீங்க.

அத்தைக்கு சுகர் 280க்கு மேல இருந்துச்சு. டாக்டர் சுகர் மாத்திரையை மாத்தி, வாய்க்குத் தடவ க்ளோட்ரிமசோல்ங்கற பூஞ்சையைக் கொல்ற மருந்து குடுத்தாரு, அந்த மருந்து முடியற வரைக்கும் பவுடர் பாக்கெட் வேண்டாம்னுட்டாரு. இட்லியை ஆரம்பிச்சுட்டாங்க.